விமான நிலையம் மட்டக்களப்பிலேயே தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் கிழக்கிலுள்ள மட்டக்களப்பு விமான நிலையம் பற்றி எமது பகுதியில் பேச்சு எழும்போதெல்லாம் அது ஓடுபாதையின் நீளத்தில் தொடங்கி ஓடுபாதையின் நீளத்திலேயே முடிந்துவிடுகிறது. வாவியோரத்தில் அமைந்துள்ள அந்த நிலையம் 2018ஆம் ஆண்டு பொதுமக்களின் உள்நாட்டுப் பயணத்துக்கெனத் திறந்துவிடப்பட்டபோதும் இதே பேச்சுத்தான். 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தின் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, பின்னர் அங்கிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியபோதும் ‘எங்களுக்கு எப்போது?’ என்ற ஏக்கத்தோடு இதே பேச்சுத்தான். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆயினும் உலகின் விமான நிலையங்கள் இன்று மாறிவரும் விதத்தைக் கவனிக்கும்போது, பெரிய ஜெட் விமானம் வந்திறங்கும் நாளுக்காகக் காத்திராமலேயே விமான நிலையத்தின் பாதி வேலையை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விரிவாகச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் களுவாஞ்சிகுடியில் 14 வருடங்களாகச் சிறியதொரு ‘கொமினிகேஷன்’ நடத்தி வருகிறேன். போட்டோப் பிரதி எடுப்பதும் கைபேசிக்கு ரீலோட் போடுவதுமே ஆரம்பத்தில் தொழிலாக இருந்தன. இப்போது வருமானத்தின் பெரும்பகுதி வெளிநாடு போகிறவர்களுக்கு இணையப் படிவம் நிரப்பிக் கொடுப்பதிலிருந்தும், பயணச்சீட்டையும் விமானம் ஏறுவதற்கான போர்டிங் காட்டையும் அச்சிட்டுக் கொடுப்பதிலிருந்தும் வருகிறது. கோவிட் காலத்தில் கட்டாருக்குத் திரும்புகிறவர்கள் ‘எஹ்தராஸ்’ செயலியிலும், சவூதிக்குப் போகிறவர்கள் ‘முகீம்’ இணையத்தளத்திலும் தமது தடுப்பூசி விபரங்களை முன்கூட்டியே பதிய வேண்டியிருந்தபோது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார் என் கடை வாசலில் வெயிலில் வரிசையாக நின்றார்கள். விமான நிலையத்தின் முதலாவது வரிசை எங்கள் ஊர்க் கடை வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

சென்ற வருடம் குருக்கள்மடத்திலிருந்து ஒரு தாய் என் கடைக்கு வந்தார். மூன்று பிள்ளைகளின் தாய். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவிருந்தவர். போகவிருந்தவர் என்று எழுதுவதற்குக் காரணம், கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையம்வரை போய்த் திரும்பி வந்த பின்னர்தான் அவர் என்னிடம் வந்தார். அவருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தகப்பனின் பெயர் இருந்தது. பயணச்சீட்டை எடுத்துக்கொடுத்த முகவரோ, திருமணமானவர்தானே என்று எண்ணிக் கணவனின் பெயரைப் போட்டிருந்தார். வான் பிடித்து, வழியனுப்ப வந்த உறவினர் எட்டுப் பேரோடு இரவெல்லாம் ஓடிப்போய், அதிகாலை 2 மணிக்கு விமான நிறுவனத்தின் கருமபீடத்தில் கடவுச்சீட்டை நீட்டியபோதுதான் இரண்டு பெயரும் பொருந்தவில்லை என்பது தெரியவந்தது. அந்த நேரத்தில் முகவரின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்ததாம், எடுப்பாரில்லை. விமானம் போய்விட்டது. அந்தத் தாளை என் கண்ணாடி மேசையில் விரித்து, பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, ‘இதில எங்க மனே பிழை? ரெண்டும் என்ட பேர்தானே?’ என்று அவர் கேட்டார். மறு பயணச்சீட்டுக்கு மகளின் காதுத்தோடு அடகுக்குப் போனது.

கருமபீடத்தில் நின்ற உத்தியோகத்தர் மீது எனக்குக் குறை இல்லை. பிழையான ஆவணத்தோடு ஒருவரை ஏற்றிச் சென்றால் போய்ச் சேரும் நாடு விமான நிறுவனத்துக்குத் தண்டம் விதிக்கும். அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அந்த நிறுவனத்தின் தலையிலேயே விழும். அதனாலேயே எந்த நாட்டவர் எந்த நாட்டுக்குப் போக என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதைச் சொல்லும் ‘டிமாட்டிக்’ என்ற தரவுத்தளத்தைச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்துகிறது. கருமபீடத்தில் இருப்பவர் கணினியில் தட்டிப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தத் தரவுத்தளம் கட்டுநாயக்கவில் எப்படித் திறக்குமோ அப்படியே மட்டக்களப்பிலும் திறக்கும். குருக்கள்மடத்துத் தாயின் பெயர்ப் பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிட வேலைக்காக அவர் மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் என்று ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போயிருக்கிறார். யானை குறுக்கிடும் வீதியில், இரவில்.

வெளியுலகில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் 2024ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் வசிப்பவர்கள் கடவுச்சீட்டை வெளியே எடுக்காமல், முகத்தையும் கண்ணின் கருவிழிப் படலத்தையும் காட்டியே குடிவரவுப் பகுதியைக் கடந்து போகிறார்கள். அங்கிருந்து புறப்படும் வெளிநாட்டவரும் அவ்வாறே போகலாம். டுபாயில் 2018இல் அறிமுகமான ‘ஸ்மார்ட்’ சுரங்கவழியில் பயணி நடந்து செல்லச் செல்ல, ஏறத்தாழ 15 விநாடிகளில் அவரது அடையாளம் சரிபார்க்கப்பட்டுவிடும். இந்தியாவில் உள்நாட்டுப் பயணிகள் முகத்தைக் காட்டியே உள்ளே போகும் ‘டிஜியாத்ரா’ என்ற ஏற்பாடு 2022 டிசம்பரில் டில்லி, பெங்களூர், வாரணாசி ஆகிய மூன்று நிலையங்களில் தொடங்கிப் பின்னர் பல நிலையங்களுக்கும் விரிந்தது. பயணப்பொதியைப் பொறுத்தவரை, பயணியிடம் பெறும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், இடையில் வேறு விமானத்துக்கு மாற்றும்போதும், பயணியிடம் திரும்பக் கொடுக்கும்போதும் ஒவ்வொரு பொதியும் பதிவாக வேண்டும் என்ற விதி 2018 ஜூன் முதல் விமான நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. 2007இல் 1000 பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பொதிகள் தவறின. 2024இல் அது 6 அளவுக்குக் குறைந்திருக்கிறது. இது சிறிய காரியம் அல்ல. நாலு வருடம் உழைத்துச் சேர்த்த சாமான் அடங்கிய பெட்டி வராமல், வெறுங்கையோடு வீட்டு வாசலில் இறங்கியவரை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே நான் தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் அல்லன். அதைக் கொண்டுதான் சீவிக்கிறேன். ஆனால் இந்த ஏற்பாடுகளெல்லாம் யாரை மனதில் வைத்து அமைக்கப்படுகின்றன என்பதில் எனக்குப் பெரும் கவலை இருக்கிறது. அவை எதிர்பார்க்கும் பயணிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். கையில் நல்ல கைபேசியும் வங்கி அட்டையும் இருக்கும். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரிந்த சுருக்கமான பெயர் இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து விமானம் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். ஐரோப்பாவின் பெரிய மலிவுக் கட்டண விமான நிறுவனமான ரயன்எயார், 2025 நவம்பர் முதல் போர்டிங் காட்டைத் தாளில் கொண்டுவருவதை நிறுத்திக் கைபேசிச் செயலியில் மட்டும் காட்டச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கம் இந்தப் பக்கமும் வருமானால், என் கடையில் 20 ரூபாய் கொடுத்துத் தாளை வாங்கி, நாலாக மடித்துக் கடவுச்சீட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போகிற அம்மா என்ன செய்வார்?

பெயர் விடயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டுப் பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிப்பதற்கென இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். மேல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக்குமாக 5 இடங்கள் போக, பெயருக்கு எஞ்சுவது 39. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அளவு அது. தகப்பன் பெயரையும் தன் பெயரையும் ஆங்கில எழுத்தில் முழுமையாக எழுதும் கணபதிப்பிள்ளைகளுக்கும், பாட்டன் பெயர், வாப்பா பெயர், தன் பெயர் என்று தொடராக வைத்திருக்கும் முஸ்லிம் சகோதரர்களுக்கும் அந்த 39 இடம் சில வேளைகளில் போதாது. பெயர் இடையில் வெட்டுப்படும். பயணச்சீட்டு எடுக்கும் படிவமோ முழுப்பெயரையும் கேட்கும். இது போதாதென்று, ஒரே பெயரை ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். ‘த’வுக்கு ஓரிடத்தில் ஒரே எழுத்தும் மற்றோரிடத்தில் இரண்டு எழுத்துமாக இருக்கும். கருமபீடத்தில் ஒரு மனிதர் இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்பதை ஒரு பார்வையில் விளங்கிக்கொள்ளக் கூடும். இயந்திரம் ஒரு எழுத்து மாறினாலும் கதவைத் திறக்காது. எனவே, தானியங்கி வாயில்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களும் வாங்குகிறவர்களும் தமிழ்ப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் எவ்வாறு அமைகின்றன என்பதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

முகத்தை அடையாளம் காணும் முறையிலும் இதே கவனம் தேவை. அமெரிக்காவின் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில் 189 மென்பொருள்கள் சோதிக்கப்பட்டன. வெள்ளையரின் முகங்களோடு ஒப்பிடும்போது ஆசிய, ஆபிரிக்க வம்சாவளியினரின் முகங்களில் ஒருவரை இன்னொருவராக எண்ணிவிடும் தவறு பலவற்றில் அதிகமாக இருந்தது. மென்பொருளுக்கு ஏற்ப 10 மடங்கு முதல் 100 மடங்குவரை அந்த வித்தியாசம் சென்றது. மிகத் துல்லியமான சில மென்பொருள்களில் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே எதை வாங்குகிறோம் என்பதில்தான் விடயம் தங்கியிருக்கிறது. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் போகும் சகோதரிகளில் முகத்தை மூடுகிறவர்கள் உண்டு; அவர்களுக்குத் தனியான மறைவிடமும் பெண் உத்தியோகத்தர் ஒருவரும் இல்லாமல் முக வாயிலை அமைப்பது அவர்களை அவமதிப்பதாகும். கைரேகையும் அப்படித்தான். எமது நாட்டில் 2015 முதல் கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்குக் கைரேகை பெறப்படுகிறது. மருதமுனையில் தறியில் இருந்தவர்களுக்கும், வாவியில் வலை இழுத்தவர்களுக்கும், வருடக்கணக்காக வெளிநாட்டு வீடுகளில் சவர்க்காரத் தூளில் துணி தோய்த்தவர்களுக்கும் விரல் நுனி எப்படித் தேய்ந்திருக்கும் என்பதை, பிரதி எடுக்கும் கண்ணாடியில் அவர்கள் தாளை வைக்கும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவரின் வலது பெருவிரல் பளிங்குபோல வழுவழுவென்று இருந்தது. கைபேசியே அதை ஏற்கவில்லை.

எடுத்த முகமும் ரேகையும் எங்கே போகின்றன என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. விமான நிலையத்தில் எடுத்த விபரம் பயணம் புறப்பட்ட 24 மணித்தியாலத்துக்குள் அழிக்கப்படும் என்று டிஜியாத்ரா ஏற்பாட்டில் அறிவித்திருக்கிறார்கள். எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதை மக்கள் அறிய வேண்டுமானால், முகத்தைக் காட்டச் சொல்லும் இயந்திரத்தின் முன்னாலேயே அது தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். யுத்தகாலத்தில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வளர்ந்த எங்கள் மக்களுக்கு, கமராவின் முன்னால் நிற்பது வெறும் தொழில்நுட்ப விடயம் அல்ல.

மொழி பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குக் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று சொல்லிவிட்டது. சுவரில் தொங்கும் பலகையில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. இனி அறிவிப்பு பலகையிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து கைபேசிக்கும் போகிறது. நுழைவாயில் மாறிவிட்டது, விமானம் தாமதம், உங்கள் பெட்டி வேறு விமானத்தில் வருகிறது என்ற செய்திகள் குறுந்தகவலாகத் தமிழிலும் வர வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குக் குரலாகவும் வர வேண்டும். மொழிபெயர்ப்பைக் கணினியே செய்யும் காலத்தில் இது செலவு மிகுந்த காரியமும் அல்ல. ஆனால் அதைத் தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துத் திருத்தாமல் விடுவது ஆபத்து.

இனி நான் மனம் வருந்தி எழுதும் ஒரு விடயத்துக்கு வருகிறேன். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதானவர்களுக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போது, சக்கர நாற்காலி வேண்டுமா என்ற கட்டம் வரும். ‘வேணும் எண்டு போடு தம்பி’ என்பார்கள். அவர்களில் பலர் படுவான்கரை வயலில் இன்றும் வரம்பு வழியே நடக்கிறவர்கள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலை மூன்று முறை சுற்றுகிறவர்கள். அவர்களுக்குக் கால் பிரச்சினை இல்லை. இடையில் இறங்கும் பெரிய விமான நிலையத்தில் எந்தப் பக்கம் திரும்புவது, யாரிடம் எந்த மொழியில் கேட்பது என்று தெரியாத பயம்தான் அவர்களைச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கிறது. நாற்காலியைத் தள்ளுகிறவர் கூடவே இருப்பார், வாசல்வரை கொண்டுபோய் விடுவார் என்ற நம்பிக்கை. படியேற முடியும், நெடுந்தூரம் நடக்க முடியாது என்பதற்கு விமான நிறுவனங்களிடையே டபிள்யூ.சி.எச்.ஆர். என்ற குறியீடு உண்டு. நான் அதைத்தான் போட்டுவிடுகிறேன். அது முழு உண்மை அல்ல என்பது எனக்குத் தெரியும். உண்மையாகவே நடக்க முடியாத ஒருவர் அந்த நாற்காலிக்காக எங்கேயோ காத்திருக்கக் கூடும் என்பதும் தெரியும். கூட்டிச் சென்று வழிகாட்டும் உதவிக்கென எம்.ஏ.ஏ.எஸ். என்ற வேறொரு குறியீடும் இருக்கிறது. பல இணையப் படிவங்களில் அது பயணியின் கண்ணில் படுவதே இல்லை.

வருங்கால விமான நிலையம் இந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஒரு கைப்பட்டியோ, கழுத்தில் தொங்கும் சிறிய கருவியோ போதும்: இடையில் இறங்கும் நிலையத்தில் அடுத்த வாசல் எங்கே என்று தமிழில் சொல்ல வேண்டும், வழி தவறினால் அங்கே பணியிலிருக்கும் ஒருவருக்கு அறிவிக்க வேண்டும், அம்மா சரியான இடத்தில் இருக்கிறார் என்பதைக் கனடாவில் காத்திருக்கும் மகளுக்குக் காட்ட வேண்டும். பெட்டி ஒன்று எங்கே இருக்கிறது என்பதை நான்கு இடங்களில் பதிந்து கண்டுபிடிக்கத் தெரிந்த தொழில்துறைக்கு, அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரியான கிழவிக்கு வழிகாட்டத் தெரியாமல் போகாது.

இப்போது என் பிரதான யோசனை. தென் கொரியத் தலைநகர் சியோலில், நகரப் புகையிரத நிலையத்திலேயே விமானப் பயணத்துக்கான பதிவை முடித்து, பெட்டியை ஒப்படைத்து, குடியகல்வுச் சோதனையையும் முடித்துக்கொண்டு வெறுங்கையோடு புகையிரதத்தில் ஏறி விமான நிலையத்துக்குப் போகலாம். ஹொங்கொங்கிலும் நகர நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் வசதி நெடுங்காலமாக இருக்கிறது. அதுபோன்ற ஒரு நகரப் பதிவு நிலையத்தை மட்டக்களப்பில் அமைக்க வேண்டும். புகையிரத நிலையத்தை அண்டியும் அமைக்கலாம். விமான நிலையக் கட்டடத்திலும் அமைக்கலாம். முதலில் ஆவணச் சரிபார்ப்பும் பதிவும் மட்டும் நடக்கட்டும். பயணி புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வந்து கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு எல்லாவற்றையும் காட்டட்டும். பெயரில் பிழையிருந்தால் முகவரின் தொலைபேசி வேலை செய்யும் பகல் நேரத்தில் அது திருத்தப்படட்டும். முகப்படமும் ரேகையும் அங்கேயே, அவசரமில்லாமல், தமிழில் விளக்கம் கேட்டு எடுக்கப்படட்டும். இரேகை தேய்ந்தவர்களுக்கு மாற்று வழி எது என்பதும் அங்கேயே குறிக்கப்படட்டும்.

பெட்டியை ஒப்படைப்பது இரண்டாம் கட்டம். அது இலேசானது அல்ல. முத்திரையிட்ட வாகனம், பொறுப்பேற்கும் நிறுவனம், பாதுகாப்புச் சோதனை எங்கே நடப்பது என்ற தீர்மானம் எல்லாம் வேண்டும். எங்கள் பெட்டிகளின் தன்மையும் கணக்கில் வர வேண்டும். நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மார்க்கர் பேனாவால் பெயரெழுதிய காட்போட் பெட்டிதான் எங்கள் பயணப்பொதி; உள்ளே கருவாடும் இடித்த மிளகாய்த்தூளும் வறுத்த அரிசிமாவும் முந்திரிப் பருப்பும் இருக்கும். தானியங்கிப் பொதி இயந்திரங்களுக்குத் தொங்கும் கயிறு ஆகாது, பட்டையில் சிக்கிக்கொள்ளும். இதை விமான நிலையத்தில் போய் அறிவதற்கும் மட்டக்களப்பில் அறிவதற்கும் இடையில் உள்ள வித்தியாசம், பெட்டியை நிலத்தில் குந்தியிருந்து அவிழ்த்துக் கட்டியவர்களுக்குத்தான் விளங்கும்.

பொத்துவிலிலிருந்து வருகிறவருக்கு மட்டக்களப்பே 100 கிலோமீற்றருக்கு மேல். அம்பாறை மாவட்டக் கரையோர மக்களை இதில் விட்டுவிட முடியாது. பிரதேச செயலகங்களில் நடக்கும் நடமாடும் சேவைகளுக்கு எங்கள் மக்கள் பழகிப்போனவர்கள். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் அவற்றில்தான் பெற்றிருக்கிறார்கள். பதிவு இயந்திரங்கள் இரண்டை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நாள் குறித்து அனுப்பினால் போதும்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு பயனும் இருக்கிறது. மாரிகாலத்தில் மகாவலி பெருகி மன்னம்பிட்டிப் பக்கம் வீதி வெள்ளத்தில் மூழ்கும்போது, கிழக்கிலிருந்து போகும் பயணிகள் வழியில் தடைப்பட்டுத் தவிப்பார்கள்; விமான நிறுவனமோ அவர்களை ‘வராதவர்கள்’ என்று கணக்கில் எழுதிவிடும். மட்டக்களப்பில் பதிவு செய்து புறப்பட்டவர்களின் பட்டியல் கணினியில் இருந்தால், இன்ன விமானத்துக்குரிய இத்தனை பேர் வெள்ளத்தில் அகப்பட்டிருக்கிறார்கள் என்பதை அறிந்து, அடுத்த விமானத்தில் அவர்களுக்கு இடம் மாற்றிக் கொடுக்க முடியும்.

ஓடுபாதை பற்றி ஒரு வார்த்தை. சிறிய விமான நிலையம் ஒன்றில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இரவு பகலாக ஆள் வைப்பது பெருஞ்செலவு. சுவீடன் நாட்டின் ஏர்ன்ஷல்ட்ஸ்விக் என்ற சிற்றூர் விமான நிலையம், 2015ஆம் ஆண்டு முதல் 100 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள சுண்ட்ஸ்வால் நகரிலிருந்து கமராக்களின் உதவியோடு கட்டுப்படுத்தப்படுகிறது. 2021இல் இலண்டன் சிற்றி விமான நிலையமும் அவ்வாறே தொலைவிலிருந்து இயங்கும் கோபுரத்துக்கு மாறியது. மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்தின் உகணையிலும் உள்ள ஓடுபாதைகளில் சிறிய விமானங்கள் நேரகாலத்துக்கு வந்துபோக வேண்டுமானால், இந்த முறை ஆராயப்பட வேண்டும். பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதைவிட இது சீக்கிரம் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

இயந்திரம் பழுதாகும் நாளையும் இப்போதே எண்ண வேண்டும். அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் பொதிகளைத் தானாகவே கொண்டுசெல்லும் பெரும் இயந்திரத் தொகுதி சரிவர இயங்காததால், 1993 ஒக்டோபரில் திறக்கவிருந்த நிலையம் 1995 பெப்ரவரியில்தான் திறந்தது. பத்து வருடம் கழித்து, 2005இல், அந்தத் தொகுதியையே கைவிட்டார்கள். 2024 ஜூலை 19ஆம் திகதி பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் காட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 2025 செப்டெம்பரில் பதிவு மென்பொருள் ஒன்றின் மீது நடந்த இணையத் தாக்குதலால் பிரசெல்ஸ், பெர்லின், இலண்டன் ஹீத்ரோ நிலையங்களில் மீண்டும் பேனாவும் தாளும் வெளியே வந்தன. ஆகவே, இயந்திரம் வந்தபின் ஆளைக் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போடக் கூடாது. பதிவு வேலையிலிருந்து விடுபடும் உத்தியோகத்தர்களைக் கருமபீடத்துக்கு இப்பால் கொண்டுவந்து, பயணிகளுக்கிடையில் நிற்க வைக்க வேண்டும். அவர்களில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு நேர முறையிலும் இருக்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படித்துவிட்டு வேலையற்றிருக்கும் எங்கள் பிள்ளைகள் மூன்று மொழியிலும் அந்த வேலையைச் செய்வார்கள்.

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையும், விமான நிலைய நிர்வாகமும், குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும், எமது இரு மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்களும் இதனைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தானியங்கி வாயில்களும் பதிவு இயந்திரங்களும் கொள்வனவு செய்யப்படுவதற்கு முன்னர், அவற்றில் ஒன்றை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து ஒரு கிழமை வைத்துப் பார்க்கட்டும். மருதமுனைத் தறிக்காரர் விரலை வைக்கட்டும். காத்தான்குடிச் சகோதரி தனக்கு வசதியான விதத்தில் முகத்தைக் காட்டட்டும். ஐந்து எழுத்துப் பெயர்க்காரரும் நாற்பது எழுத்துப் பெயர்க்காரரும் தம் பெயரை அடித்துப் பார்க்கட்டும். வாசிக்கத் தெரியாத ஒரு முதியவர், பக்கத்தில் யாருமில்லாமல், காதால் கேட்டே பதிவை முடிக்க முயலட்டும். அந்த ஒரு கிழமையும் என் கடையைப் பூட்டிவிட்டு வந்து, படிவம் நிரப்புகிறவர்கள் எங்கெங்கே தடுக்குகிறார்கள் என்பதைக் குறித்துக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தொடர்பாடல் நிலைய உரிமையாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.